கித்தாரின் இடை

கித்தார் என்னும் கருவியைக் கண்டவர்கள், அதன் உடல் நடுவே குறுகி இடைபோல் வளைந்திருப்பதைக் கவனித்திருப்பார்கள். அழகுக்காகச் செய்த வளைவு என்றே பலர் எண்ணுவர். அமர்ந்து வாசிப்பவருக்கோ அந்த வளைவே ஆதாரம். அது தொடையின்மேல் படிந்து கருவி நழுவாமல் காக்கிறது. எனினும் அது மட்டும் போதவில்லை என்பதற்குப் பழைய வித்வான்களே சாட்சி. ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் டியோனிசியோ அகுவாதோ (1784–1849) கருவியைத் தாங்குவதற்கென்றே ஒரு முக்காலியை அமைத்துக்கொண்டார். அதே நாட்டில் பின்னர் தோன்றிய பிரான்சிஸ்கோ தாரெகா (1852–1909) இடது பாதத்தைச் சிறு மணைமேல் உயர்த்தி, இடது தொடையில் கித்தாரை நிறுத்தி வாசித்தார். அகுவாதோவின் முக்காலி வழக்கொழிந்துவிட்டது. மணையோ தாரெகாவின் மாணவர் பரம்பரை வழியே நிலைபெற்று, இன்றும் சங்கீத மண்டபங்களில் காணப்படுகிறது.

இருவரும் மாற்றியது தாம் அமரும் முறையைத்தான். இடைஞ்சலாக இருந்த பருத்த உடலை அன்று. அதற்குக் காரணம் உண்டு. மரக் கித்தாரில் ஓசையை வளர்ப்பது அதன் குடம். உள்ளே அடங்கிய காற்றும் மேற்பலகையும் சேர்ந்து அதிர்ந்தால்தான் நாதம் பிறக்கும். ஆகவே குடம் பருத்தே இருக்க வேண்டும். வாசிப்பவரின் விலாவும் தோளும் அதற்கு இணங்கிப் போகவேண்டும்.

இந்தக் கட்டாயத்தை நீக்கியது மின்சாரம். 1931-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜார்ஜ் போஷாம்ப் என்பவர் நண்பர்களுடன் ஒரு மாதிரிக் கருவியைச் செய்தார். தந்திகளைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் காந்தங்கள். அவற்றின் கீழே கம்பிச் சுருள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்னோட்டம் எழுகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கியில் விட்டால் ஓசை. குடத்துக்கு இங்கே வேலை இல்லை. மறு ஆண்டு அடால்ஃப் ரிக்கன்பேக்கர் என்பவரின் கூட்டுறவோடு அது அலுமினிய வார்ப்பாக விற்பனைக்கு வந்தது. வட்டமான சிற்றுடலையும் நீண்ட கழுத்தையும் பார்த்தவர்கள் அதற்கு 'வாணலி' என்று பெயரிட்டனர். 1937-இல் காப்புரிமை கிடைத்தது.

வியப்பு என்னவென்றால், விற்பனையில் நிலைத்த அந்த முதல் மின்கித்தார் மடிக்கென்றே செய்யப்பட்டது. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஹவாய்த் தீவு இசையில் அமெரிக்கருக்கு மோகம் ஏற்பட்டிருந்தது. அந்த இசையில் கருவியை மடியில் கிடத்தி, நம் கோட்டு வாத்தியத்தைப்போலவே, ஓர் உருளையைத் தந்திகள்மேல் வழுக்கி வாசிப்பார்கள். இடையும் வேண்டாம், குடமும் வேண்டாம்.

ஆனால் மார்போடு அணைத்து, மெட்டுகளில் விரல் அழுத்தி வாசிக்கும் கித்தாருக்கு அந்த விடுதலை எளிதில் வரவில்லை. குடம் பயனற்றதாகிவிட்ட பின்பும் கண் அதையே தேடியது. லெஸ் பால் என்னும் கலைஞர் 1940-ஐ ஒட்டி ஒரு பைன் மரக்கட்டையில் தந்தி பூட்டி மின்கித்தார் செய்தார். அதற்கு 'மரத்துண்டு' என்றே பெயர். வெறுங்கட்டையோடு மேடையேறியபோது சபை அசையவில்லை என்றும், பழைய கித்தார் ஒன்றை இரண்டாக அறுத்து இருபுறமும் ஒட்டிய பிறகே வரவேற்பு கிடைத்தது என்றும் அவர் சொல்லிவந்தார். ஓசைக்குத் தேவையற்ற அந்தச் சிறகுகள் அமர்ந்து பிடிப்பதற்கு உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் வானொலிப் பெட்டி பழுதுபார்த்துவந்த லியோ ஃபெண்டர், கித்தார் வாசிக்கத் தெரியாதவர். அதனால்தானோ என்னவோ, வாசிப்பவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார். 1950-இல் அவர் வெளியிட்ட கருவி ஒரு தட்டைப் பலகை. விளிம்புகள் கூர்மையாக இருந்தன. விளிம்பு விலாவில் குத்துகிறது, முன்கையை அறுக்கிறது என்று கலைஞர்கள் முறையிட்டனர். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் அதற்கு விடை. அதன் பின்புறம் விலா பதியும்படி குடையப்பட்டது. முன்புறம் கை படியும்படி சரிவாகச் செதுக்கப்பட்டது. அதன் உருவத்தை வரைந்ததில் பெரும்பங்கு ஃபிரெடி டவாரெஸ் என்பவருக்கு உரியது. அவர் ஹவாயில் பிறந்தவர். மடிக்கித்தார் வாசிப்பதில் கைதேர்ந்தவர்!

இவ்வளவும் நின்று வாசிப்பவருக்கே பெரிதும் உதவியது. மாணவர்கள் இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மேடையில் நிற்பது ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம். வீட்டில் உட்கார்ந்து சாதகம் செய்வதோ பல மணி நேரம், பல ஆண்டுகள். வலத் தொடையில் கருவி தாழ்ந்து கிடந்தால், கழுத்துப் பகுதி கிடைமட்டமாகிவிடும். அதை எட்டுவதற்காக இடத் தோள் முன்னே வளையும், மணிக்கட்டு மடங்கும். மடங்கிய மணிக்கட்டோடு விரல்களை விசையாக இயக்குவதால்தான் வலி தொடங்குகிறது. கருவி மேடைக்கென்று செய்யப்பட்டது. அதைக் கற்பவர் உடலோ நாற்காலியில் விலை கொடுத்தது.

அமர்ந்து வாசிப்பவரை எண்ணி ஃபெண்டர் செய்த கருவி 1958-இல் வந்த ஜாஸ்மாஸ்டர். ஜாஸ் கலைஞர்கள் பெரும்பாலும் உட்கார்ந்தே வாசிப்பவர்கள். பழைய கித்தாரில் மேலிடையும் கீழிடையும் நேருக்கு நேர் இருக்கும். ஜாஸ்மாஸ்டரில் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. உடல் முழுவதும் சாய்த்து இழுத்தாற்போல் இருந்தது. கருவி தொடையில் நிலையாக அமரவும், வலக்கை இயல்பாகத் தந்திகளை அடையவும் செய்த மாற்றம் அது. அதற்கும் காப்புரிமை பெறப்பட்டது. ஆனால் விதி விளையாடியது: ஜாஸ் கலைஞர்கள் அதை அதிகம் ஏற்கவில்லை. 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியக் கடற்கரையில் நின்று ஆடிப் பாடிய இளைஞர்களே அதை விரும்பி வாங்கினர்.

அதே 1958-இல் கிப்சன் நிறுவனம் அம்பு வடிவில் 'பறக்கும் வி' என்னும் கித்தாரை வெளியிட்டது. அதற்கு இடையே கிடையாது. தொடையில் வைத்தால் வழுக்கும். வழுக்காதிருக்க விளிம்பில் ரப்பர்ப் பட்டை ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள்! அந்தத் தொடக்க ஆண்டுகளில் நூறு கருவிகள்கூட விற்பனைக்குச் செல்லவில்லை. ஆனால் பின்னாளில் அதன் தோற்றத்துக்காகவே புகழ் பெற்றது.

இன்னொரு தொல்லை எடையில் இருந்தது. பள்ளியில் நெம்புகோலைப் படித்தவர்களுக்கு இது விளங்கும். தொடைதான் ஆதாரப்புள்ளி. நீண்ட கழுத்தின் கோடியில் தலையும் உலோகப் பிருடைகளும் இருக்கின்றன. உடல் இலேசானால் தலை தாழும்; தாழாதிருக்க இடக்கை அதை ஏந்த வேண்டும். வாசிக்க வேண்டிய கை சுமை தூக்குகிறது. தாழ்சுருதிக் கித்தாரில் கழுத்து இன்னும் நீளம். துன்பமும் இன்னும் மிகுதி.

இதைத் தீர்த்தவர் இசைக்கருவித் தொழிலில் பழகியவர் அல்லர். நெட் ஸ்டைன்பெர்கர், மரச்சாமான்கள் வடிவமைத்தவர். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் தச்சர்கள் கூடிய பட்டறை ஒன்றில், ஸ்டூவர்ட் ஸ்பெக்டர் என்னும் கித்தார்க் கைவினைஞருடன் பழகியவர். 1970-களின் பிற்பகுதியில் ஸ்பெக்டருக்காக, உடலோடு ஒட்டும்படி பின்புறம் குழிந்து வளைந்த ஒரு தாழ்சுருதிக் கித்தாரை வரைந்து தந்தார். பிறகு துணிந்து தலையையே நீக்கினார். பிருடைகள் உடலின் அடிப்புறத்துக்கு வந்தன. மரத்துக்குப் பதில் கரிநாரும் பிசினும் கலந்த பொருள். 1980-ஐ ஒட்டி வெளிவந்த அந்தக் கருவியின் உடல் ஒரு சிறு செவ்வகப் பெட்டி. எடை நிகரானது, கழுத்து தாழவில்லை. ஆனால் இடை போய்விட்டதே, தொடையில் எப்படி நிற்கும்? அவருடைய சிற்றுடல் கித்தார்களில் மடக்கி விரிக்கும் தொடைத்தாங்கி ஒன்று சேர்ந்தது. அகுவாதோவின் முக்காலி வேறு உருவில் திரும்பி வந்ததாக எனக்குத் தோன்றுகிறது.

2007-இல் ஸ்வீடன் நாட்டுப் பொறியியலாளர் ஓலா ஸ்ட்ராண்ட்பெர்க் இந்தத் தலையில்லாக் கருவியை மறுபடி கையில் எடுத்தார். பின்னர் அவர் செய்த கித்தார்களில் கழுத்தின் பின்புறம் உருண்டையாக இராது; பெருவிரல் இயல்பாகப் பதிவதற்குத் தட்டையான முகங்கள் உண்டு. அதன் இலேசான உடலில் இடை மீண்டும் வந்தது. கீழ் விளிம்பில் அமைந்த வளைவுகளால் அது வலத் தொடையிலும் அமரும். கழுத்தை உயர்த்தி, தாரெகா காட்டிய முறையில் இடத் தொடையிலும் அமரும்.