மூட்டையில் வண்டு ஒரே இடத்தில் குவிவது ஏன்? ஈரம்தான் காரணம்!

மூட்டையைப் பிரித்தால் ஒரு மூலையில் மட்டும் வண்டு மொய்க்கும். கவனிச்சிருக்கீங்களா?

சேமித்த தானியத்தில் வண்டுக்குத் தனியாகத் தண்ணீர் கிடையாது. தானியத்தில் இருக்கும் ஈரம்தான் எல்லாம். அதனால் காய்ந்த பகுதியை விட்டு ஈரமான பகுதிக்கு நகரும். ஈரமான அரிசி மென்மையாக இருப்பதால் துளைத்து முட்டை வைப்பதும் சுலபம்.

சரி, காயவைத்த நெல்லில் ஈரம் எப்படி வருது? இரவில் குவியலின் மேல்பகுதி குளிரும், உள்ளே சூடு இருக்கும். மேலே எழும் சூடான காற்று குளிர்ந்து, ஈரத்தை அங்கேயே விட்டுவிடும். சுவரையும் தரையையும் ஒட்டிய மூட்டைகளும் ஈரம் இழுக்கும்.

வண்டுகள் கூடிவிட்டால் அவை விடும் மூச்சிலேயே அந்த இடத்தில் சூடும் ஈரமும் ஏறும். சூடு 40 டிகிரியைத் தாண்டினால் அவையே இடத்தைக் காலி செய்து பக்கத்து தானியத்துக்குப் பரவும். ஒரு மூலை வண்டு முழு மூட்டைக்கும் போவது இப்படித்தான்.

தமிழக கொள்முதல் நிலையங்களில் வழக்கமாக 17 சதவீத ஈரம் வரை நெல் எடுப்பார்கள். மாதக்கணக்கில் வைக்க அது போதாது. 14-க்குக் கீழே, முடிந்தால் 12 சதவீதத்துக்கு இறக்க வேண்டும். அப்போதும் வண்டு உடனே சாகாது, பெருகுவது மட்டும் குறையும்.

வண்டின் இந்த நடமாட்டத்தையே பயன்படுத்துகிறது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் குழாய்ப் பொறி. துளைகள் போட்ட குழாயை தானியத்துக்குள் செருகி வைத்தால், நகரும் வண்டு தானாக உள்ளே விழும்.