திரையிலிருந்து மேசைக்கு: 2003 உலகப் போக்கர் தொடர்

இணையவழிப் போக்கர் சீட்டாட்டத்தில் எதிராளியின் முகம் தெரியாது; அவர் கட்டும் தொகையும் எடுக்கும் நேரமுமே துப்பு. நேரடி மேசையிலோ கண், கை, மூச்சு எல்லாமே காட்டிக்கொடுக்கும். இந்த வேறுபாட்டைக் கடக்க முடியும் என்பதை 2003ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடர் காட்டியது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், 86 டாலர் கட்டி இணையத் தகுதிச்சுற்றில் வென்று, 10,000 டாலர் நுழைவுக் கட்டணம் கொண்ட முதன்மைப் போட்டியில் இடம்பிடித்தார். லாஸ் வேகாஸ் நகரில் 839 பேர் ஆடிய அதுவே அவரது முதல் நேரடிப் போட்டி. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் அணிந்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இறுதியில் தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபர்ஹாவை எதிர்கொண்டார். ஒரு சுற்றில் ஒரு ஜோடிகூடச் சேராத நிலையில், தம் பந்தய வில்லைகள் அனைத்தையும் கட்டினார். ஒன்பது ஜோடி வைத்திருந்த ஃபர்ஹா யோசித்துப் பார்த்துவிட்டுச் சீட்டைக் கைவிட்டார். மணிமேக்கர் 25 லட்சம் டாலர் வென்றார்.

அடுத்த ஆண்டு 2,576 பேரும், 2006இல் 8,773 பேரும் போட்டியிட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பரிசின்றியே திரும்பினர். ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடிப் பழகிய இணைய ஆட்டக்காரர்கள், ஒரே மேசையில் மணிக்கணக்கில் முகம் மாறாமல் காத்திருக்கக் கற்க வேண்டியிருந்தது.