வீணை எஸ். பாலசந்தர்

எஸ். பாலசந்தர் (18 ஜனவரி 1927 – 13 ஏப்ரல் 1990) சென்னையைச் சேர்ந்த வீணைக் கலைஞர், பாடகர், இசையமைப்பாளர், திரைப்பட இயக்குநர், நடிகர். கஞ்சிராவில் தொடங்கி ஹார்மோனியம், தபேலா, தில்ருபா, சிதார் என்று பல வாத்தியங்களைக் கையாண்ட பிறகே வீணைக்கு வந்தார். எதையும் குருவிடம் அமர்ந்து முறையாகக் கற்றவரல்லர். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார்.

வீட்டுச் சூழல்

குரு இல்லை என்பதால் பாலசந்தரைச் சுயம்புவாகப் பார்ப்பது வழக்கம். அது பாதி உண்மைதான். தந்தை சுந்தரம் ஐயர் மயிலாப்பூரின் சங்கீத ரசிகர்களில் முக்கியமானவர். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் அந்த வீட்டோடு நெருங்கிப் பழகியவர். அண்ணன் எஸ். ராஜம் பாடகராகவும் ஓவியராகவும் பெயர் பெற்றார். இப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தனியாகப் பாட வகுப்பு எதற்கு? கேள்வி ஞானமே அவருக்குக் குருவாக இருந்தது.

1934இல் பிரபாத் நிறுவனம் தயாரித்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராஜம் ராமனாகவும், சகோதரி ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தார்கள். இராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாக பாலசந்தர் தோன்றினார். லய வாத்தியத்தில் தொடங்கியது பின்னாளில் அவருக்கு நன்றாகவே கைகொடுத்தது. வீணையில் மிக மெதுவாக ராகம் வாசித்தபோதும் அவரிடம் காலப்பிரமாணம் குலைந்ததில்லை.

திரையிசை

1948இல் வந்த ‘இது நிஜமா’ படத்தில் இரட்டை வேடத்தில் நடித்து, இசையமைத்து, பாடவும் செய்தார். மேற்கத்திய மெல்லிசையின் துள்ளலை அந்தப் பாடல்களில் கேட்கலாம். அதே ஆண்டில் ‘என் கணவர்’ மூலம் இயக்குநரானார். அவருடைய புகழ்பெற்ற படமான ‘அந்த நாள்’ (1954) பாடலே இல்லாத தமிழ்ப்படம். சங்கீதத்தில் ஊறிய ஒருவர் பாடல்களை அடியோடு விலக்கியது எளிய முடிவல்ல. ‘பொம்மை’ (1964) படத்தில் அவர் இசையில் கே. ஜே. யேசுதாஸ் பாடியது, அந்தப் பாடகரின் தமிழ்த் திரைவாழ்வுக்குத் தொடக்கமாக அமைந்தது. 1970இல் வெளியான ‘நடு இரவில்’ படத்துக்குப் பின் சினிமாவை விட்டு, முழுநேரமும் வீணைக்கே தம்மைக் கொடுத்துவிட்டார்.

வீணை பாணி

அவருடைய வளர்ச்சியின் உச்சம் இங்கேதான். சரஸ்வதி வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டுகள், வாசிப்பதற்கு நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று. முன்தலைமுறையைச் சேர்ந்த வீணை தனம்மாள் மென்மையான விரலால் கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, கோடி காட்டுவார். காரைக்குடி மரபு மீட்டின் அழுத்தத்துக்கும் தாள ஒழுங்குக்கும் பேர்போனது. பாலசந்தர் இரண்டு வழியிலும் போகவில்லை. வலது கையின் மீட்டைக் குறைத்துக்கொண்டு, இடது கையால் தந்தியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் நெடுந்தூரம் இழுப்பார். ஒருமுறை மீட்டிய நாதம் அடங்குவதற்குள், மெட்டு மாறாமலே பல ஸ்வரங்கள் வந்து போகும். மனிதக் குரல் ஒரே மூச்சில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிச் செல்வதை வீணையில் கொண்டுவந்த முறை இது. இளமையில் சிதார் பழகிய கைக்கு இந்த இழுப்பு இயல்பாக வந்திருக்க வேண்டும். ஆனாலும் விளைந்த சங்கீதம் முழுக்கக் கர்நாடக சங்கீதமே. விஸ்தாரமான ராக ஆலாபனையும் தானமும்தான் அவருடைய கச்சேரிகளின் உயிர். 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்துப் பதிவு செய்தார். அவருடைய இசைத்தட்டுகள் அமெரிக்காவிலும் வெளிவந்தன.

சர்ச்சைகள்

தமக்குச் சரியெனப்பட்டதைப் பகிரங்கமாகச் சொன்னவர். பாடகர் பாலமுரளிகிருஷ்ணா புதிய ராகங்களை உருவாக்கியதாகச் சொன்னதை எதிர்த்தார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகளை இயற்றியவர் உண்மையில் அந்த மன்னர்தானா என்று 1980களில் பாலசந்தர் எழுப்பிய கேள்வி கேரளத்தில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அந்த வாதத்தைப் பல அறிஞர்கள் ஏற்கவில்லை. வாதங்களில் செலவிட்ட காலத்தை அவர் வீணைக்குத் தந்திருக்கலாமே என்ற வருத்தம் அவருடைய ரசிகர்களுக்கு உண்டு.

கச்சேரிக்காகச் சென்றிருந்த பிலாயில் மாரடைப்பால் காலமானார். இன்றைய முன்னணி வீணைக் கலைஞரான ஜெயந்தி குமரேஷ் அவரிடம் பயின்றவர்.