குன்றேறிய ஊர்: நியாஸ் தீவில் வீடும் உடைமையும் உயிர்க்காப்பும்

சுமத்ராவுக்கு மேற்கே, இந்தியப் பெருங்கடலில் சுமார் 125 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது நியாஸ் தீவு. கடலில் மீன் உண்டு. கரையோரம் தென்னை செழித்து வளர்கிறது. ஆனாலும் தென் நியாஸின் பழைய ஊர்களில் பல கடற்கரையை விட்டு விலகி, குன்றுகளின் உச்சியில் அமைந்திருக்கின்றன. ஊருக்குள் நுழைய நீண்ட கற்படிகளில் ஏற வேண்டும். குளிக்கவும் தண்ணீர் எடுக்கவும் சரிவில் இறங்கிச் சுனைக்குப் போக வேண்டும். இத்தனை சிரமத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்துக்கொண்டு மேலே குடியிருந்தவர்கள் யாருக்கு அஞ்சினார்கள்? அந்த அச்சம் தீர்ந்த பிறகு அவர்களுடைய வீடும் சொத்தும் என்ன ஆயின? தென் நியாஸின் பாவோமாதாலுவோ என்ற ஊரை நடுவில் வைத்துப் பார்த்தால் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைக்கிறது.

அஞ்சியது மனிதருக்குத்தான். 9ஆம் நூற்றாண்டிலேயே, 851ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபு வணிகர் குறிப்பு ஒன்று நியாஸ் என்று கருதப்படும் தீவைப் பற்றிப் பேசுகிறது. மணம் முடிக்க விரும்பும் ஆண் பகைவன் தலையைக் கொண்டுவர வேண்டும் என்ற வழக்கத்தையும் அது பதிவு செய்கிறது. தலை வேட்டையோடு இந்தத் தீவை வாட்டிய இன்னொன்று அடிமை வணிகம். சுமத்ராவின் வடமுனையில் இருந்த ஆச்சே நாட்டு வணிகர்கள் தங்கத்தையும் இரும்பையும் கொண்டுவந்து ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். பின்னர் ஐரோப்பியக் கப்பல்களும் அதே சரக்குக்காக வந்தன. 1820களின் தொடக்கத்தில் சுமத்ராவின் பெங்கூலனில் ஆங்கிலேயத் துணை ஆளுநராக இருந்த ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் தம் ஆட்களை அனுப்பி விசாரித்தபோது, ஆண்டுக்கு 1,500 பேருக்கு மேல் தீவிலிருந்து விற்கப்படுவதாகக் கணக்கு வந்தது. அவர் தீவை ஆங்கிலேயப் பாதுகாப்பில் எடுத்து இவ்வணிகத்தை நிறுத்த முயன்றார். அதற்குப் பாராட்டு கிடைக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் அவரைக் கண்டித்தார்கள். 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் சுமத்ராவில் ஆங்கிலேயர் வசம் இருந்த இடங்கள் டச்சுக்காரர் கைக்குப் போயின.

வெளியிலிருந்து வந்த வணிகர்கள் தாங்களே காட்டுக்குள் புகுந்து ஆள் பிடித்தது குறைவு. பிடித்துக் கொடுத்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். உள்நாட்டுச் சொத்து முறை இந்த வணிகத்தோடு எப்படிப் பின்னிக் கிடந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் மையம் என்று கருதலாம். தென் நியாஸ் ஊரில் சிஉலு எனப்பட்ட பிரபுக்கள், சிஇலா என்ற ஆலோசகர்கள், சாதோ என்ற பொதுமக்கள், அவர்களுக்குக் கீழே சாவுயு என்ற அடிமைகள் என்று அடுக்கு இருந்தது. செல்வம் என்பது பன்றியும் பொன்னும். பெண்ணெடுக்க மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் போவோ என்னும் பரிசப் பொருளும் இவற்றில்தான் அளக்கப்பட்டது. பன்றியின் உடற்சுற்றை அளக்கத் தனி அளவு, நெல்லை அளக்கத் தனி மரக்கால் என்று ஊர்ப்பேரவை கூடி விதி வகுத்தது. ஃபோண்ட்ராகோ எனப்படும் அந்தப் பேரவையின் விதியை மீறியவர்மேல் சாபம் விழும் என்று நம்பினார்கள். பரிசத்துக்கும் விருந்துக்கும் வாங்கிய கடன் வட்டியோடு ஏறி, கட்ட முடியாமல் போனால், கடனாளி அடிமையானான். போரில் பிடிபட்டவனும் அடிமையானான். அடிமையை விற்றால் பொன் வந்தது. பொன் வந்தால் விருந்து நடத்திப் பதவி உயரலாம். ஆகவே ஒருவன் வைத்திருந்த பொன்னுக்குப் பின்னால் இன்னொருவன் இழந்த விடுதலை இருந்தது.

இப்படிப்பட்ட தீவில் ஊர் கோட்டையாகத்தான் இருக்க முடியும்.

டச்சுக்காரர்கள் 1840இல் வடக்கே குனுங்சிதோலியில் முகாம் அமைத்தார்கள். தெற்கு அவ்வளவு எளிதில் பணியவில்லை. தெற்கின் லகுண்ட்ரி விரிகுடாவில் அவர்கள் கட்டிய கோட்டையை 1861 பிப்ரவரி 16 அன்று வந்த பெரும் நிலநடுக்கமும் கடற்பேரலையும் அழித்துவிட்டன. 1863இல் திரும்பி வந்த டச்சுப் படை, எதிர்ப்பின் மையமாக இருந்த ஓராஹிலி ஊரைக் கொளுத்தியது. வீடிழந்த ஓராஹிலி மக்கள் எழுப்பிய புது ஊர்தான் பாவோமாதாலுவோ. கடலைத் தூரத்திலேயே பார்க்க முடிகிற உயரம், படிகளைத் தவிர வேறு வசதியான வழி இல்லாத சரிவு, கல் பாவிய அகன்ற வீதி, அதன் இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டு வரிசை என்று அந்த ஊர் அமைந்தது. வீதி நடுவே இரண்டு மீட்டர் உயரத்துக்கும் அதிகமான கல்மேடை ஒன்று. இளைஞர்கள் ஓடிவந்து அதைத் தாண்டுவார்கள். பகைவர் ஊர் மதிலைத் தாண்டுவதற்கான பயிற்சியாக இது தொடங்கியது என்பது ஊரார் சொல்லும் மரபு. 1992இல் வெளியான 1,000 ரூபியா நோட்டின் பின்புறத்தில் இடம்பெற்ற பிறகு இந்தோனேசியா முழுவதும் அந்தக் கல்தாண்டல் அறிமுகமாயிற்று.

ஓமோ ஹாடா எனப்படும் மரபு வீட்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தரைக்கு மேலே தடித்த தூண்களில் வீடு நிற்கிறது. தூண்களை மண்ணில் புதைக்கவில்லை. தட்டையான கற்களின்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். நேர்த்தூண்களுக்கு நடுவே, இரண்டு மரங்கள் ஒன்றுக்கொன்று எதிராகச் சாய்ந்து மேல்தளத்தைத் தாங்குகின்றன. ஆணி கிடையாது, ஒரு மரத்தில் துளையிட்டு மற்றதன் முனையைச் செருகி ஆப்படித்து இறுக்கிவிடுகிறார்கள். வீட்டுக்குள் போக அடியிலிருந்து ஏணி. முன்முகம் வீதிமேல் கவிந்தாற்போலச் சாய்ந்திருக்கும். அதில் உள்ள மரக்கிராதி வழியே உள்ளிருப்பவர் வீதி முழுவதையும் பார்க்கலாம். வீதியில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். பக்கச் சுவரில் ஒரு கதவு அடுத்த வீட்டுக்குத் திறக்கும். தாக்குதல் வந்தால் தெருவில் இறங்காமலே ஊரின் ஒரு பக்கத்தார் எல்லாரும் ஓரிடத்தில் கூடிவிடலாம். வீடு குடும்பத்துக்குச் சொந்தம், ஆனால் வரிசையின் காப்பு எல்லாருக்கும் பொது. கூரை சாகோப் பனை ஓலை. அதன் ஒரு பகுதியைக் கழியால் தூக்கி நிறுத்தினால் வெளிச்சமும் காற்றும் வரும், அடுப்புப்புகை வெளியேறும்.

ஊர்த்தலைவரின் ஓமோ செபுவா இதே அமைப்பின் பேருருவம். பாவோமாதாலுவோவில் உள்ளது சுமார் 22 மீட்டர் உயரம். உள்ளே விருந்துகளில் வெட்டிய பன்றிகளின் தாடை எலும்புகள் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. இன்றைய கண்ணுக்கு விசித்திரமாகத் தோன்றும் அவை ஒரு கணக்குப் புத்தகம். ஊருக்கு இத்தனை பன்றி போட்டவன் இவன் என்று யார் வந்தாலும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். மரச்சுவரில் டச்சுக் கப்பல் ஒன்றும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. தங்கள் பழைய ஊரை எரித்தவர்களின் வாகனத்தைத் தலைவர் வீட்டுச் சுவரிலேயே பதித்து வைத்தவர்களின் மனத்தை ஆய்வாளர்கள் இன்னும் விரிவாக ஆராய வேண்டும். வீட்டு வாசலில் பெருங்கற்கள். இவற்றில் ஒன்றை, இறந்துபோன தலைவர் சாவோனிகெஹோவின் நினைவாக 1915 வாக்கில் 525 பேர் மூன்று நாட்கள் இழுத்து வந்ததாக ஒரு புகைப்படக் குறிப்பு சொல்கிறது. டச்சு அதிகாரி ஷ்ரோடர் 1917இல் வெளியிட்ட நூலும், அதற்கு முன் 1886இல் இங்கே வந்த இத்தாலியர் எலியோ மோதில்யானி எழுதியதும் அந்தக் காலத்தை அறிய நமக்குக் கிடைத்திருக்கும் முதன்மையான சான்றுகள்.

கல் இழுத்த காலத்திலேயே பழைய ஒழுங்கு தளர்ந்துகொண்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுப் படை தெற்கையும் முழுமையாக அடக்கியது. ஊர்ப்போர், தலைவேட்டை, ஆள் விற்பனை ஆகியவை ஒழிந்தன. இதை நன்மை என்று தயங்காமல் சொல்ல வேண்டும். விலையும் இல்லாமல் இல்லை: சாலை போடக் கட்டாய உழைப்பு வாங்கினார்கள். இன்னொரு பக்கம், 1865இல் குனுங்சிதோலிக்கு வந்த டென்னிங்கர் என்ற ஜெர்மானிய மறைப்பணியாளரின் வழியே பரவத் தொடங்கிய கிறித்தவம், 1916இல் எழுந்த ‘பெரும் மனந்திரும்புதல்’ இயக்கத்தால் தீவெங்கும் வேகம் பெற்றது. வீடுகளில் இருந்த முன்னோர் மரவுருவங்கள் எரிந்தன. எஞ்சியவற்றில் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பெருவிருந்துகள் சுருங்கின. பரிசமும் கடனும் மட்டும் நிற்கவில்லை. 1980களில் நடுநியாஸில் தங்கி ஆய்ந்த மானிடவியலாளர் ஆண்ட்ரூ பீட்டியின் நூல்களில் பன்றிக் கணக்கும் கடன் சிக்கலும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன.

மனிதப் பகை தீர்ந்ததும் குன்றுச்சி பாரமாயிற்று. பள்ளி, சந்தை, அலுவலகம் எல்லாம் சாலையோரம் வந்தன. கீழே இறங்கியவர்கள் சிமெண்டிலும் செங்கல்லிலும் கட்டினார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு ஓமோ ஹாடாவுக்கு வேண்டிய முற்றிய பெருமரங்கள் அரிதாகிவிட்டன, ஓலைக்கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும், தீப்பிடித்தால் ஒட்டிய வரிசையே போய்விடும். செங்கல் வீடு தனித்து நிற்கும், தனிக்குடும்பத்துக்கு உரியது, ஊரார் மதிப்புக்கும் உகந்தது. பன்றித் தாடை எலும்பு சொல்லிய அதே செய்தியைப் பூசிய சுவர் சொல்லத் தொடங்கியது. ஆனால் வரிசையிலிருந்து ஒரு மரவீட்டைப் பிரித்து அங்கே செங்கல் வீடு எழுப்பும்போது, இரு பக்கத்து வீடுகளும் தங்கள் துணையை இழந்தன.

2004 டிசம்பர் 26 கடற்கோள், நாகப்பட்டினத்தைத் தாக்கிய அதே பேரலை, நியாஸின் மேற்குக் கரையில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 இரவு பதினொரு மணிக்கு மேல், 8.6 அளவுள்ள நிலநடுக்கம் தீவையே அசைத்தது. மேற்குக் கரை சில இடங்களில் ஏறத்தாழ மூன்று மீட்டர் உயர்ந்து, பவளப்பாறைகள் கடலுக்கு வெளியே வந்தன. உறங்கிக்கொண்டிருந்தவர்களில் சுமார் 900 பேர் உயிரிழந்தார்கள். சாவு மிகுந்தது குனுங்சிதோலியில். செங்கல்லும் சரியான கம்பிக்கட்டு இல்லாத கான்கிரீட்டும் இடிந்து அவர்கள்மேல் விழுந்தன. மரபு வீடுகளில் பெரும்பாலானவை தாக்குப்பிடித்தன. கல்லின்மேல் சும்மா நின்ற தூண்கள் சற்று நகர்ந்து கொடுத்தன. சாய்வு மரங்கள் பக்கவாட்டு விசையை வாங்கிக்கொண்டன. ஆணியில்லாத இணைப்புகள் முறியாமல் அசைந்து கொடுத்தன. பழுதுபார்க்காமல் மரம் உளுத்துப்போன வீடுகள் சேதமடைந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. பராமரிப்பு இல்லாத மரபு யாரையும் காப்பாற்றாது.

இந்த வீட்டை வகுத்த தச்சர்கள் நிலநடுக்கத்தை மனத்தில் வைத்தே செய்தார்களா என்று கேட்கிறவர்கள் உண்டு. 1843, 1861, 1907 என்று ஒரு மனித ஆயுளுக்குள்ளேயே மூன்று முறை பெரும் அதிர்வைக் கண்ட தீவு இது. விழுந்த வீட்டையும் விழாத வீட்டையும் அருகருகே பார்த்த தச்சர் பாடம் கற்காமல் இருந்திருப்பார் என்று நம்ப இடமில்லை. ஏணியும் கிராதியும் பக்கக்கதவும் மனிதப் பகையைத் தடுக்க எழுந்தவை. சாய்வுமரம் நிலத்தின் பகையை அறிந்தவர் வைத்தது என்றே தோன்றுகிறது.

ஆச்சே, நியாஸ் மறுகட்டுமானத்துக்காக 2005 ஏப்ரலில் தொடங்கிய பி.ஆர்.ஆர். என்ற அரசு அமைப்பு, குந்தோரோ மங்குசுப்ரோதோவின் தலைமையில் நான்கு ஆண்டுகள் இயங்கியது. சாலையும் பாலமும் துறைமுகமும் மீண்டன. வீட்டுக்கு 36 சதுர மீட்டர் என்ற ஒரே அளவு இரு நிலங்களுக்கும் பொதுவாயிற்று. உடனடிக் கூரை தேவைப்பட்ட நேரத்தில் அது சரியே. இருந்தும், நிலநடுக்கத்தில் தேறிய கட்டுமுறை ஒன்று கண்முன் நின்றபோது, அதன் அறிவு புதிய வீடுகளுக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை.

பாவோமாதாலுவோ 2009 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. பெரிய ஓமோ செபுவாக்களில் தெற்கில் இன்று எஞ்சியவை நான்கு மட்டுமே. பயணிகள் படம் எடுக்கும் முகப்புகளுக்குப் பின்னால் குடும்பங்கள் வாழ்கின்றன. உளுத்த தூணை மாற்றும் செலவு அவர்கள் தலையில்தான் விழுகிறது. ஊரை நினைவுச்சின்னமாகக் காப்பதோடு நிறுத்தினால் போதாது. வீட்டுக்காரருக்கு முற்றிய மரம் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும், அதற்காக இப்போதே மரம் நட வேண்டும், தச்சருக்குக் கூலியும் மாணவரும் வேண்டும், தீவில் இனி எழும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் சாய்வுமரத்தின் கணக்கைக் கற்று எழ வேண்டும். நியாஸின் ஐந்து ஆட்சிப்பகுதிகளும் ஜகார்த்தாவும் இதை அடுத்த அதிர்வுக்கு முன்பே செய்தாக வேண்டும்.