வியப்பும் அடைக்கலமும்: தமிழ் வைணவத்தில் சரணாகதிக் கொள்கை வளர்ந்த வரலாறு

தமிழ் வைணவத்தில் சரணாகதி சாத்திரமாவதற்கு முன்பே பாசுரமாகிவிட்டது. நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரங்கள் கொண்டது. அதன் ஆறாம் பத்தின் நிறைவில், திருமகளை முன்னிட்டுத் திருவேங்கடமுடையான் திருவடியில் ஆழ்வார் அடைக்கலம் புகுகிறார். வீடுபேறு உடனே வாய்க்கவில்லை. ஏழாம் பத்தின் தொடக்கத்திலேயே ஐம்புலன்கள் தம்மை நலிவதைச் சொல்லிக் கதறுகிறார். அதே பத்தின் எட்டாம் திருவாய்மொழியில் குரல் மாறிவிடுகிறது. தீயும் நீரும் நிலமும், தாயும் தந்தையும் மக்களுமாக ஒருவனே நிற்பது எப்படி என்று மாயவாமனனிடமே கேட்டுத் திகைக்கிறார். அடுத்த திருவாய்மொழியில், தம்மைக் கருவியாக்கி இறைவன் தன்னைத்தானே பாடிக்கொண்டதை எண்ணி உருகுகிறார். ஆழ்வாரை இவ்வுலகில் இன்னும் வைத்திருந்தது இப்படிப் பாடுவித்துக்கொள்ளவே என்று நம்பிள்ளையின் ஈட்டு உரை விளக்கும். இந்த வைப்புமுறை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கேட்டது கிடைக்காத இடைவெளியில் ஆழ்வாரின் நம்பிக்கையைத் தாங்கி நின்றது வியப்புதான்.

ஆளவந்தாரின் தோத்திர ரத்தினம் இந்த அடைக்கல உணர்வை வடமொழிக்குக் கொண்டு சென்றது. ஒரு பங்குனி உத்திரத்தன்று திருவரங்கத்தில் தாயாரும் பெருமாளும் சேர்த்தியில் எழுந்தருளியிருந்தபோது இராமானுசர் சரணாகதி கத்தியத்தை விண்ணப்பித்தார் என்பது மரபு. அவருடைய பிரம்ம சூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் சரணாகதி தனி வழியாக விரித்துரைக்கப்படவில்லை. அதனால் கத்தியங்கள் அவர் இயற்றியவைதாமா என்று ஐயுற்ற ஆய்வாளர்கள் உண்டு. தர்க்க நூலில் வாதமும், சன்னிதியில் விண்ணப்பமும் அமைவது இயல்பே. இந்த வேறுபாடு ஒன்றைக் கொண்டே ஐயுறுவது போதாது என்பது என் கருத்து.

பின்வந்தோர் சரணாகதியை வரையறுக்க முயன்றபோது கருத்துவேறுபாடு எழுந்தது. பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் இறைவனே வழி என்றார். உயிர் செய்ய வேண்டியது அவன் அருளை விலக்காமல் இருப்பதே. சரணாகதிக்கு ஐந்து அங்கங்கள் உண்டென்றும், அருள்வதற்கு உயிரின் தரப்பில் ஒரு வியாஜமாவது (சாக்காவது) வேண்டுமென்றும் வேதாந்த தேசிகர் ரகசியத்ரயசாரத்தில் நிறுவினார். தென்கலை, வடகலைப் பிரிவுகள் பிற்காலத்தில் இதன்மேல் கிளைத்தன. வடகலைக்குத் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி, தென்கலைக்குத் தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டி என்ற உவமை இந்த வேறுபாட்டை எளிதாக்கிக் காட்டினாலும், இருவருக்கும் பொதுவான நிலத்தை மறைத்துவிடுகிறது. தேசிகர் கூறும் அங்கங்களில் ஒன்றான மகாவிசுவாசம், அதாவது இறைவன் கட்டாயம் காப்பான் என்ற உறுதி, லோகாசாரியருக்கும் உயிர்மூச்சு.

அந்த உறுதி 1323-இல் சோதனைக்குள்ளானது. தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது, முதுமையிலிருந்த லோகாசாரியர் திருவரங்கத்து உற்சவரான நம்பெருமாளின் திருமேனியை எழுந்தருளச் செய்துகொண்டு தெற்கே சென்று, வழியில் சோதிஷ்குடியில் பரமபதித்தார். தேசிகர் பிணக்குவியலிடையே மறைந்திருந்து, ஸ்ரீபாஷ்யத்தின் விளக்கவுரையான சுருதப்பிரகாசிகைச் சுவடியைக் காத்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. உயிரின் முயற்சியை வழியாக ஏற்காத லோகாசாரியரே திருமேனியைக் காக்க உயிரைப் பணயம் வைத்தார். சரணாகதி சோம்பலுக்கு இடம் தருகிறது என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

1371-இல் விசயநகர அதிகாரி கோபணார்யரின் முயற்சியால் நம்பெருமாள் திருவரங்கம் திரும்பினார். பங்குனி உத்திரச் சேர்த்தியில் இராமானுசரின் மூன்று கத்தியங்களான கத்தியத்ரயம் அங்கே இன்றும் சேவிக்கப்படுகிறது.