அரை டிக்கெட்

அம்மாவின் பீரோவில் இருந்த ஆல்பங்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்துவருகிறேன். பக்கத்தில் பசை தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் மூடிய அந்தக் காலத்து ஆல்பங்கள். பசை மஞ்சளாகிப் படத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பல் தேய்க்கும் நூலை நுழைத்து அறுத்துத்தான் ஒவ்வொரு படத்தையும் எடுக்க வேண்டியிருக்கிறது. அப்படி எடுத்ததில் ஏழு படங்கள் 1997 மே மாதம் சென்னைக்குப் போய் கிஷ்கிந்தா பார்த்தபோது எடுத்தவை.

அப்பாவுக்குச் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை. காலண்டர் தொழிலில் ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளியிடுவார்கள். அதிலிருந்து தை வரை அப்பாவை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். கோடையில்தான் கொஞ்சம் ஓய்வு. தாம்பரத்தில் இருந்த மாமா வரச்சொல்லிக் கடிதம் போட, கிளம்பினோம். சாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இருந்த பெரியம்மா தன் மகளையும் எங்களோடு அனுப்பினார். எனக்கு ஒன்பது வயது. அக்கா என்னைவிட மூத்தவள். எவ்வளவு மூத்தவள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதல் படம் நுழைவாயிலில் எடுத்தது. நானும் தங்கையும் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நிற்கிறோம். பின்னால், ஓரத்தில், உயரம் பார்க்கும் பலகையில் முதுகை ஒட்டி அக்கா. கோட்டுக்குக் கீழே இருந்தால் அரை டிக்கெட். மாமாவின் கோடாக் கேபி-10 கேமராவில் அவள் தற்செயலாக விழுந்திருக்கிறாள். இந்தப் படத்தை நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கியபோதுதான் கவனித்தேன். பாவாடையின் விளிம்பு தரையில் மடிந்து கிடக்கிறது. அக்கா முட்டியை மடக்கி நிற்கிறாள்.

ஐந்தாவது படத்தில் ஒரு ராட்டினம். அதற்கும் ஓர் அளவு உண்டு, ஆனால் தலைகீழாக: கோட்டுக்கு மேலே இருந்தால்தான் ஏற்றுவார்கள். என்னை விடவில்லை. அக்கா நிமிர்ந்து நின்று ஏறிவிட்டாள். மேலே எங்கோ வாயைப் பிளந்து கத்தும் ஒரு பச்சைத் தாவணிப் புள்ளி அவள்தான். காலையில் குழந்தை, மதியம் பெரியாள்.

பொழுதுபோக்குப் பூங்கா என்பதே அப்போது நமக்குப் புதிது. டெல்லியின் அப்பு கர் 1984 நவம்பர் 19 அன்று திறக்கப்பட்டது. மும்பையின் எஸ்ஸல்வேர்ல்ட் 1989இல். கிஷ்கிந்தாவைத் தாம்பரம் அருகே 1995இல் தொடங்கியவர் மலையாளத் திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' அவருடைய நிறுவனத்தின் தயாரிப்பு. அதுவும் 1984தான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ராட்டினம் என்றால் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகரில் போடும் பொருட்காட்சி. அங்கே ராட்டினக்காரர் பிள்ளையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது மடியில உக்காரும், போ" என்பார். கோடு போட்ட பலகையை நான் முதலில் பார்த்தது கிஷ்கிந்தாவில்தான்.

யார் குழந்தை என்று முடிவுசெய்ய உடம்பை அளப்பது பூங்காக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. நம் பள்ளிக்கூடங்களில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். விரல் எட்டினால் ஐந்து வயது. எட்டாவிட்டால் "அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க". பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்குத் தலைமையாசிரியரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். நம் ஊர்ப் பெரியவர்களில் பாதிப்பேர் பள்ளி திறக்கும் மாதத்தில் பிறந்திருப்பதன் ரகசியம் இதுதான்.

இதே சிக்கல் இங்கிலாந்தில் 1833இல் வந்தது. அந்த ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் ஒன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. ஆனால் பிறப்பைப் பதிவுசெய்யும் முறையே அங்கு 1837இல்தான் தொடங்கியது. அதுவரை? மருத்துவர் ஒருவர் பிள்ளையைப் பார்த்து, இந்த வயதுக்குரிய வளர்ச்சி இருக்கிறது என்று சான்று தரவேண்டும். உயரத்தை வைத்துச் சொல்லலாம் என்றார்கள் சிலர். எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், பல்லை வைத்து வயதைச் சொல்வதே சரி என்று ஆலைக் குழந்தைகளை மனதில் வைத்து 1837இல் ஒரு நூலே எழுதினார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பது நமக்குத் தெரியும். அதைப் பிள்ளைகளுக்கும் செய்தார்கள், அவர்களைக் காப்பாற்றுவதற்காக. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. அதில் குறைந்தபட்ச வயது ஏழு. பத்தாண்டுகள் கழித்து ஒன்பது ஆக்கினார்கள்.

அமெரிக்காவில் 1908 முதல் குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்தவர் லூயிஸ் ஹைன். பைபிள் விற்பவர், தபால் அட்டை விற்பவர் என்று ஏதேதோ சொல்லி ஆலைகளுக்குள் நுழைவார். பிள்ளைகளின் உயரத்தைத் தன் கோட்டின் பொத்தான்களோடு ஒப்பிட்டு மனதில் குறித்துக்கொள்வார். எந்தப் பொத்தான் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரியும். பையனிடம் வயதைக் கேட்டால் ஆலை சொல்லிக்கொடுத்த வயதைத்தான் சொல்வான். பொத்தான் பொய் சொல்லாது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை சிவகாசியில் எல்லாருக்கும் தெரியும். 1923இல் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழில் வந்தது. தீப்பெட்டி மருந்தின் அனுபவத்திலிருந்து பட்டாசு வந்தது. மழை பொய்த்துப்போகும் கரிசல் பூமி, வறண்ட காற்று, விவசாயம் கைவிட்ட குடும்பங்கள். மூன்று தொழில்களும் அதில்தான் வளர்ந்தன. கையால் செய்யும் தீப்பெட்டிக்கு இயந்திரத் தீப்பெட்டியைவிடக் கலால் வரி குறைவாக இருந்ததால், வேலை பெரிய ஆலைகளில் குவியாமல் கிராமம் கிராமமாகப் பரவியது. வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்தது.

கூலி எண்ணிக்கைக்குத்தான். சட்டத்தில் குச்சி அடுக்கினால் சட்டத்துக்கு இவ்வளவு, பெட்டி ஒட்டினால் குரோசுக்கு இவ்வளவு. குரோஸ் என்றால் 144. எண்ணிக்கைக் கூலியில் வயது என்ற கேள்வியே எழாது. அடுக்கிய கை யாருடையது என்று குச்சிக்குத் தெரியாது. நோட்டில் பெரியம்மாவின் பெயர் இருக்கும். அக்கா அடுக்கியதும் அந்தக் கணக்கில்தான் ஏறும்.

ஸ்மிது கோத்தாரி 1983இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை, சிவகாசி வட்டாரத்தில் சுமார் 45,000 குழந்தைகள் வேலை செய்வதாகச் சொன்னது. விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் கிராமங்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனதை உலகம் அறிந்தது அப்படித்தான். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தீப்பெட்டியிலும் பட்டாசிலும் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தடை. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து வீட்டில் செய்யும் வேலைக்கு விலக்கு. பகலில் யூனிட்டில் அக்கா குச்சி அடுக்கியது குற்றம். ராத்திரி அதே அக்கா வீட்டில் மைதாப் பசையில் பெட்டி ஒட்டியது குற்றமில்லை. விடுமுறைக்குப் போனால் நானும் உட்கார்ந்து ஒட்டுவேன். எனக்கு அது விளையாட்டு. ஒரு குரோஸ் முடிப்பதற்குள் எழுந்து ஓடிவிடுவேன்.

1996 டிசம்பர் 10 அன்று, எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கே சிவகாசியைப் பற்றியதுதான். வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்டவேண்டும். குழந்தைக்குப் பதிலாக வீட்டில் ஒரு பெரியவருக்கு அரசு வேலைக்கு ஏற்பாடு செய்யவேண்டும். முடியாவிட்டால் 5,000 ரூபாயை அரசு போடவேண்டும். அந்தப் பணத்தின் வட்டி பிள்ளையின் படிப்புக்கு. ஆறு மாதத்துக்குள் கணக்கெடுப்பை முடிக்கவேண்டும் என்றும் உத்தரவு.

ஆறு மாதம் என்றால் 1997 ஜூன். நாங்கள் கிஷ்கிந்தா போனது மே. இந்த இரண்டு தேதிகளையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அன்று ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கு முட்டியை மடக்கித்தான நின்ன?"

"ஆமா, மாமாதான் கண்ணைக் காட்டுனாரு. பத்து வயசுன்னு சொல்லச் சொன்னாரு. எனக்கென்ன அது புதுசா? அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் சர்வே எடுக்க வந்தவுககிட்டப் பதினஞ்சுன்னு சொன்னேன். அம்மா சொல்லச் சொன்னுச்சு."

"அப்ப எப்படி நின்ன?"

"குதிகாலைத் தூக்கிக்கிட்டுத்தான்." சிரித்தாள்.

ஏன் பதினைந்து என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் யூனிட்டில் தனக்கு மட்டுமல்ல, பெரியம்மாவுக்கும் வேலை போய்விடும் என்று பயந்தார்களாம். அப்போது அவள் வாரத்துக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொண்டுவந்தாள். இருபதாயிரம் ரூபாய் விஷயம் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தொகையும் சேர்த்து 25,000. பத்து சதவீத வட்டி என்றாலும் மாதம் 208 ரூபாய். அவள் கொண்டுவந்ததில் பாதி. பெரியவருக்கு வேலை கிடைத்தால்தான் இந்தக் கணக்கு நேராகும். கிடைக்கும் என்று பெரியம்மா எதை வைத்து நம்பியிருக்க முடியும்? பெரியம்மாவைத் திட்டுவது சுலபம். எனக்கு அந்த உரிமை இல்லை. அந்தக் கோடையில் என் பள்ளிக்கூட ஃபீஸுக்கு அப்பா யாரிடமும் கை நீட்டவில்லை. அதனால் எனக்கு ஒரே ஒரு வயதுதான் இருந்தது.

அவளுக்கு இரண்டு. சர்வேக்காரருக்குப் பதினைந்து, டிக்கெட் கவுண்டருக்குப் பத்து. உண்மையான வயது என்ன? ஐந்தாவதோடு நின்ற அவளுடைய பள்ளிச் சான்றிதழில் வழக்கம்போல ஜூன் மாதத்துத் தேதி. அதை நம்ப முடியாது. பெரியம்மாவைக் கேட்டேன். காது கேட்காது, அக்காதான் கத்திக் கேட்டுச் சொன்னாள்: "இந்திரா காந்தியைச் சுட்ட அன்னைக்கு மூணு மாசக் கைப்பிள்ளையாம். கடையெல்லாம் அடைச்சிட்டாங்களாம், பால் கிடைக்கலையாம்."

இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31. அப்படியானால் அக்கா பிறந்தது ஜூலை கடைசி. படம் எடுத்த அன்று அவளுக்குப் பன்னிரண்டு முடிந்து ஒன்பது, பத்து மாதம். சட்டப்படி குழந்தை. சர்வேயில் அவள் இல்லை. அவளுடைய இருபதாயிரமும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டுச் சிவகாசி இந்தியாவின் சுவர்களுக்கெல்லாம் படம் அச்சிட்டுக் கொடுத்தது. ஆனால் அந்த வேலையைச் செய்த வீடுகளின் ஆல்பங்களைப் புரட்டினால் கல்யாணம், காதுகுத்து, ஊர் சுற்றியது இவைதான் இருக்கும். அக்கா குச்சி அடுக்கிய படம் ஒன்றுகூடக் கிடையாது. யார் எடுப்பார்கள்? எங்கள் வீட்டில் அந்தக் காலத்தைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே ஆவணம், பூங்கா வாசலில் மடங்கிய அந்த முட்டிதான்.

இப்போது ஊர் மாறியிருக்கிறது. குச்சி அடுக்குவதில் பாதிக்கு மேல் இயந்திரம் வந்துவிட்டதைச் சாத்தூர் பக்கம் போனால் பார்க்கலாம். கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பள்ளிப் பிள்ளையைப் பார்ப்பது கஷ்டம். 2016இல் சட்டத்தைத் திருத்தியபோது, குடும்பத் தொழிலில் பிள்ளைகள் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற விலக்கை வைத்துக்கொண்டே, ஆபத்தான தொழில்களை அதிலிருந்து நீக்கினார்கள். அக்காவின் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்குப் பிறந்த தேதி மட்டுமல்ல, பிறந்த நேரமும் தெரியும்.

ஸ்கேன் செய்த ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஆண்டு, இடம், ஆட்கள் என்று எழுதிவைக்கிறேன். இதற்கு இப்படி எழுதினேன்: மே 1997, கிஷ்கிந்தா. முன்னால் நான், 9, தங்கை, 6. பின்னால் அக்கா, 12.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மறுநாள் காலையில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் குக்கர் விசில் கேட்கிறது.

"மககிட்டக் காட்டுனேன்டா. பாத்த உடனே, ஏம்மா முட்டியை மடக்கி நிக்கிறன்னு கேக்குறா. என்னத்தச் சொல்ல? சிரிச்சிட்டேன்."