இஹ்வா: ஒரே மாணவியுடன் தொடங்கிய பள்ளி

சியோலிலுள்ள இஹ்வா மகளிர் பல்கலைக்கழகம், 1886-இல் மெதடிஸ்ட் மிஷனரி மேரி ஸ்க்ராண்டன் ஒரே மாணவிக்குப் பாடம் சொல்லித் தொடங்கிய பள்ளி. அடுத்து வந்த ஏழைச் சிறுமியின் தாய்க்கு, அயல்நாட்டுப் பெண் மகளை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விடுவாரோ என்று பயம். அனுமதியின்றி நாட்டைவிட்டு அழைத்துச் செல்லமாட்டேன் என்று ஸ்க்ராண்டன் எழுதிக் கொடுத்தார். பெண்கல்விக்கு அன்று தேவைப்பட்டது இத்தகைய நம்பிக்கைதான்.

1910-இல் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. இங்கு பயின்ற கிம் ஹ்வால்லான் அமெரிக்கா சென்று, 1931-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவரானார். முனைவர் பட்டம் பெற்ற முதல் கொரியப் பெண் அவரே. 1946-இல் இஹ்வா பல்கலைக்கழகமானது. வளரும் நாடுகளின் பெண்களுக்கு 2006 முதல் உதவித்தொகையும் தருகிறது. இளங்கலை மாணவியர் இன்றும் சேப்பல் வழிபாட்டுக்கு வரவேண்டும்.